புது லேப்டாப்பில் டிசைன் சாப்ட்வேர்: எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

போன மார்கழியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, கடையிலேயே போட்டோஷாப், கோரல் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டாங்க. ஐந்நூறு ரூபாதான் கூட வாங்கினாங்க" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். திறந்து பார்த்தோம். போட்டோஷாப் நன்றாகவே ஓடியது. ஆனால் விண்டோஸின் வைரஸ் தடுப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். திரும்பப் போட்டால், போட்ட கையோடு அதுவே அணைந்தது. மூன்று வாரம் போயிருக்கும். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை நான்கு அவன் கையில் இருந்த நேரத்தில், உரிமம் செல்லாது என்று, பத்திரிகை வடிவமைக்கும் செயலியான கோரல் ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு, சேவ் செய்வதையும் பிரின்ட் எடுப்பதையும் நிறுத்திக்கொண்டது. கடைக்காரர், ஃபார்மட் செய்து மறுபடி போட்டுத் தர இன்னொரு முந்நூறு ரூபாய் கேட்டார். நான்கு பத்திரிகையில் இரண்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. முறையாக எங்கே வாங்குவது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் அழைப்பிதழ், நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், சின்னப் புத்தகங்கள் என்று தினமும் இதே வேலையில் இருப்பவள். அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது சாப்ட்வேர் என்றால் உங்கள் ஈமெயில் முகவரியோடு கட்டிப்போட்ட ஓர் உரிமம். டிஸ்க், பெட்டி, சீரியல் எண் ஒட்டிய அட்டை எல்லாம் அநேகமாகப் போய்விட்டது. ஆகவே எந்த இடத்தில் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பணம் கொடுத்த பிறகு உரிமம் என் ஈமெயிலில், என் பெயரில் பதியுமா? பதியும் என்றால் நல்ல இடம். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் அச்சகத்தைக் கேளுங்கள்

எதை வாங்குவது என்பதை முடிவு செய்யும் முன், உங்கள் பைல் யார் கைக்குப் போகப்போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் எல்லாம் பெரும்பாலும் கோரல் ட்ராவில் ஓடுகின்றன. அச்சகத்தில் கேட்டால், "கோரல் பைலா கொடுங்க, கர்வ் பண்ணிடுங்க, பழைய வெர்ஷன்ல சேவ் பண்ணுங்க" என்பார்கள். கர்வ் பண்ணுவது என்றால் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது. அவர்கள் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. அங்கே எக்ஸ்7 மாதிரி பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் பழைய வெர்ஷன் கேட்கிறார்கள். புதிய கோரலில் சேவ் செய்யும்போதே பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ஆகவே அச்சகத்தில் பழையது இருக்கிறதே என்று நீங்களும் பழையதைத் தேடி அலைய வேண்டாம்.

புத்தகம் அச்சிடுகிறவர்கள் பிடிஎஃப் கேட்பார்கள். அதை எதில் செய்தீர்கள் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, அளவும், அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேவும் சரியாக இருந்தால் போதும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோ என்றால் போட்டோஷாப்தான். செயலி, இணையதள வடிவமைப்பு என்றால் ஃபிக்மா. அது பிரவுசரிலேயே ஓடும், தொடக்கத் திட்டம் இலவசம். கட்டட வரைபடம் படிக்கிறவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஆட்டோகேடை மாணவர் உரிமத்தில் இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சமூக ஊடகப் போஸ்டர் மட்டும் போதும் என்றால் கேன்வா போதும், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

உங்கள் பக்கத்து அச்சகம், ஃப்ளெக்ஸ் கடை என்று மூன்று இடத்தில் போய்க் கேளுங்கள். எந்த பைல், எந்த வெர்ஷன், என்ன நிறமுறை என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். இந்த ஒரு தாள் உங்களுக்கு ஓர் ஆண்டுச் சந்தாவையே மிச்சப்படுத்தலாம்.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஊர்க்கடையில் வாங்கினாலும், "விண்டோஸ் மட்டும் போதும், வேறு எதுவும் போட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விண்டோஸ் கணக்கை உங்கள் ஈமெயிலில் நீங்களே தொடங்குங்கள்.

சில புது லேப்டாப்கள் விண்டோஸ் எஸ் மோடில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை தவிர வேறு எதையும் நிறுவ முடியாது. அதிலிருந்து வெளியே வருவது இலவசம், ஆனால் வந்த பிறகு திரும்ப முடியாது. அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியிலேயே வழி இருக்கிறது.

ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள லேப்டாப் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்காக எழுதிய எல்லாச் செயலிகளும் அதில் ஒரே மாதிரி ஓடாது. நீங்கள் வாங்க நினைக்கும் பதிப்பு அதில் ஓடுமா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ரேம் போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி, நிம்மதியாக வேலை செய்ய 16 ஜிபி. அப்புறம், பெட்டிக்குள் இருக்கும் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். டிசைனர்களுக்கு என்று விற்கும் சில மாடல்களோடு சில மாதச் சந்தா இலவசமாக வருவதுண்டு.

பணம் கட்டும் முன் தமிழ் சோதனை

நான் சொல்வதில் இதை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள். ஆங்கிலத்தில் அருமையாக ஓடும் சாப்ட்வேர் தமிழில் உடைந்துபோகலாம். காரணம் எளிது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி 'க' என்ற எழுத்தாகவும் ஒகரக் குறியாகவும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலை தெரியாத சாப்ட்வேரில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய், புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு தனியாக நிற்கும்.

வாங்கும் முன் கிடைக்கும் இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் வரிகளையே அடித்துப் பாருங்கள். 'ஸ்ரீ', 'சௌபாக்கியவதி', 'பெரியோர்கள்', 'கொண்டு', 'க்ஷேமம்' இந்த ஐந்து சொல் போதும். ஐந்தும் ஒழுங்காக வந்தால், பிடிஎஃப் ஆக மாற்றிப் போனில் திறந்து பாருங்கள். அப்புறம் கர்வ் பண்ணி ஒரு முறை பாருங்கள். மூன்றிலும் சரியாக இருந்தால்தான் பணம்.

எழுத்து உடைந்தால் உடனே கைவிட வேண்டாம். போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபியின் செயலிகளில் அமைப்பை மாற்றினாலே சரியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் இன்டிக் ஆப்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இன்டிசைனில் பாராகிராப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் டைப் அமைப்புகளிலும் இப்படி வேர்ல்ட்-ரெடி என்று ஒரு தேர்வு உண்டு. கோரலில் 2012இல் வந்த எக்ஸ்6 முதல் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் எழுத்துச் சேர்க்கைக்கு ஆதரவு இருக்கிறது.

எங்கே வாங்குவது

அடோபி என்றால் அடோபியின் சொந்த இணையதளம்தான் முதல் இடம். தேடுபொறியில் பெயரை அடித்து, மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். 2022இல் கிம்ப் என்ற இலவசச் செயலியின் பெயரிலேயே கூகுளில் விளம்பரம் போட்டு, போலித் தளத்துக்கு இழுத்து, கடவுச்சொற்களைத் திருடும் நிரலை இறக்கவைத்தார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கே போலி என்றால், பணம் கட்டி வாங்குவதற்குக் கேட்க வேண்டுமா?

அடோபியில் ஏழு நாள் இலவசச் சோதனை உண்டு. கார்டு விவரம் கேட்கும், ஏழாம் நாள் தாண்டினால் பணம் எடுக்கும். அடுத்து வரும் திட்டத் தேர்வில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மாதத் தொகை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் 'ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டுவது'. இதை மாதச் சந்தா என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப்பணமும் திரும்பும். அதற்குப் பிறகு என்றால், மிச்சமுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். நான்கு மாதம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் பாக்கி எட்டு மாதம், அதில் பாதியான நான்கு மாதத் தொகை தண்டம். இந்தக் கட்டணத்தைச் சரியாக வெளிக்காட்டவில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பரிந்துரைக்க, அந்நாட்டு நீதித்துறை 2024 ஜூனில் அடோபி மேல் வழக்கே போட்டது. ஒரு சீசன் வேலைக்கு மட்டும் வேண்டும் என்றால், தொகை கூடுதலாக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாதத் திட்டத்தை எடுங்கள்.

ஒரு தனிநபர் உரிமத்தை இரண்டு கணினிகளில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். வீட்டில் பழைய மேசைக் கணினி, கையில் புது லேப்டாப் என்றால் ஒரே சந்தா போதும். கல்லூரியில் படிக்கிறவர்கள் மாணவர் சலுகையைப் பார்க்காமல் வாங்காதீர்கள், தள்ளுபடி பெரியது. ஆனால் முதல் ஆண்டு விலையும் புதுப்பிக்கும் ஆண்டு விலையும் ஒன்றுதானா என்று கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

கோரலில் இன்னொரு வசதி உண்டு. ஆண்டுச் சந்தாவும் இருக்கிறது, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் உரிமமும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு உங்களுடையது, ஆனால் அடுத்த ஆண்டுப் பதிப்பு தானாக வராது. பத்திரிகை, ஸ்டிக்கர் வேலைக்கு ஆண்டுதோறும் புதுப் பதிப்பு தேவையே இல்லை. நான்கைந்து ஆண்டு இதே தொழிலில் இருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு நான் ஒருமுறை வாங்குவதைத்தான் சொல்வேன். 15 நாள் சோதனைப் பதிப்பு கோரலின் தளத்தில் கிடைக்கும், தமிழ் சோதனைக்கு அது தாராளம்.

அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்குவதிலும் தவறில்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவருக்கு அது நல்ல வழி. சாப்ட்வேருக்கு 18 சதவீத வரி. பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். தொகை பெரிது என்பதால் இதை விடக்கூடாது. டீலரின் பெயர் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எழுத்தில் கோட்டேஷன் கேளுங்கள். பொருளின் முழுப்பெயர், வணிக உரிமமா கல்வி உரிமமா, எத்தனை மாதம், எந்த ஈமெயிலில் பதியும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இணைய அங்காடிகளிலும் இதே கதைதான். அங்காடி பெரியதாக இருக்கலாம், அதற்குள் விற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

"லைஃப்டைம் போட்டோஷாப், 999 ரூபாய்"

இந்த மாதிரி விளம்பரம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டே இருக்கும். நம்பாதீர்கள். 2013 முதல் அடோபி தன் முக்கியச் செயலிகளின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தருகிறது. 2012இல் வந்த சிஎஸ்6தான் காலவரை இல்லாமல் விற்ற கடைசிப் பதிப்பு. ஆகவே இன்றைய போட்டோஷாப்புக்கு 'லைஃப்டைம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. தயாரிப்பவரே விற்காததை இன்னொருவர் எப்படி விற்பார்?

இந்த விளம்பரத்தில் வருவது உரிமப் பூட்டை உடைத்த கிராக் பதிப்பாக இருக்கும், அல்லது யாரோ ஒரு கல்லூரியின், நிறுவனத்தின் கணக்கில் உங்களையும் ஓர் உறுப்பினராகச் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உள்நுழையும்போது அடோபி, 'தனிப்பட்ட கணக்கா, நிறுவனம் அல்லது பள்ளிக் கணக்கா' என்று கேட்டால், அதுவும் நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லை என்றால், அந்த உரிமம் உங்களுடையது இல்லை. அந்தக் கணக்கை நிர்வகிப்பவர் உங்கள் பெயரை நீக்கும் நாளில் சாப்ட்வேரும் போகும், அதன் கிளவுடில் வைத்திருந்த பைல்களும் போகும்.

கிராக் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதை நிறுவ முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். வாசல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பதுபோல. 'ஸ்டாப்' என்ற பணயத் தொகை கேட்கும் வைரஸ் பெரும்பாலும் கிராக் பதிப்புகள் வழியாகத்தான் பரவியது. எல்லா பைல்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். உங்கள் வாடிக்கையாளரின் குடும்பப் புகைப்படங்கள் அந்த லேப்டாப்பில் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டமும் தெளிவாக இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி, தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. தொழிலுக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். காசு வாங்கி வேலை செய்கிறவருக்கு அந்தச் சலுகைக்கு இடமில்லை.

கையில் பணம் இல்லையா?

அப்படியென்றால் இலவசச் செயலிகளில் தொடங்குங்கள். கோரல் மாதிரி வேலை செய்யும் இங்க்ஸ்கேப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். தமிழ் அதில் சரியாக வருகிறது, எழுத்தைக் கர்வ் ஆக்கலாம், பழைய கோரல் பைல்கள் பலவற்றைத் திறக்கும். கோரல் பைலாகச் சேமிக்க மட்டும் முடியாது, பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்க வேண்டும். அது ஆர்ஜிபி என்ற திரை நிறமுறையில் வேலை செய்வதால், ஆஃப்செட்டுக்குப் போகும் வேலையை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்புச் செயலியில் கொண்டுவந்து சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுங்கள். படங்களுக்கு கிம்ப், 2025இல் அதன் 3.0 பதிப்பு வந்திருக்கிறது. ஓவியத்துக்கு கிரிட்டா. கிரிட்டா தன் சொந்தத் தளத்தில் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலை போட்டிருப்பது உருவாக்குகிறவர்களுக்கு உதவ, அங்கே காசு கொடுத்து வாங்கினாலும் அது நல்ல காரியம்தான்.

அஃபினிட்டி என்ற டிசைன் செயலித் தொகுப்பையும் பாருங்கள். 2024இல் கேன்வா அதன் நிறுவனத்தை வாங்கியது, 2025 அக்டோபரில் மூன்று செயலிகளையும் ஒன்றாக்கி இலவசமாக்கிவிட்டது. ஒரு கேன்வா கணக்கு இருந்தால் போதும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணச் சந்தா வேண்டும். சிஎம்ஒய்கே வேலைக்கு நல்ல கருவி. ஆனால் இதன் முந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சேராமல் உடைந்து நின்றன. ஆகவே அந்த ஐந்து சொல்லை அடித்துப் பார்க்காமல் இதை நம்பித் தமிழ் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஃபான்ட்டுக்கும் உரிமம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடக்கத்துக்கு கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, அனெக் தமிழ், கவிவனார் எல்லாம் இலவசம், அச்சு வேலைக்கும் பயன்படுத்தலாம். அச்சகத்தில் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் மேட்டர் கேட்டால், நீங்கள் யூனிகோடில் அடித்து வைத்துக்கொண்டு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியால் மாற்றிக் கொடுங்கள். மூலத்தை எப்போதும் யூனிகோடில் வைத்திருங்கள்.

பணம் கட்டும்போதும், கட்டிய பிறகும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முதல் முறை நீங்கள் ஓடிபி கொடுத்து அனுமதி பதிய வேண்டும். 2021 அக்டோபர் முதல் இது கண்டிப்பாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து தகவல் வரும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். ஆண்டுச் சந்தாத் தொகை அதைத் தாண்டினால், அந்த ஓடிபி தவறிய ஆண்டில் புதுப்பிப்பு நின்றுவிடும், வேலை நடுவில் செயலியும் நிற்கும். வங்கியோடு இணைத்த போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் பில்லைப் பிடிஎஃப் ஆக எடுத்து ஈமெயிலில் தனி லேபிள் போட்டு வையுங்கள். சாப்ட்வேர் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். லேப்டாப்பை விற்கும் முன் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு விற்பனைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கணினிக் கணக்கில் அதுவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, போன் காலண்டரைத் திறந்து மூன்று தேதி போடுங்கள். சோதனைக் காலம் முடிய ஒரு நாள் முன், வாங்கியதிலிருந்து பன்னிரண்டாம் நாள் (ரத்து செய்ய அந்த 14 நாள் முடியும் முன்), ஆண்டு முடியப் பத்து நாள் முன். அந்தத் தம்பியின் போனில் நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். அவன் இப்போது இங்க்ஸ்கேப்பில் பத்திரிகை செய்கிறான், கோரலுக்காக மாதாமாதம் ஒரு தொகை எடுத்து வைக்கிறான்.